நடக்கும் கட்டில்: 1908 ஞாயிறு பக்கத்தை மொட்டை மாடியில் அச்சடித்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கறுப்பு மையை இழுத்து முடித்து அச்சு ஸ்கிரீனைத் தூக்கியபோது தாளில் நேமோவின் கட்டில் நின்றுகொண்டிருந்தது. கால்கள் வீட்டுக் கூரைகளுக்கு மேலே நீண்டிருக்க, மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு நான்கும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தன. 4 மாத வேலை. மொத்தம் 60 தாள் போட்டேன், 11 தேறியது. எனக்கு அது போதும். அந்த 4 மாதத்தில் எங்கெங்கே தப்பு செய்தேன், எவ்வளவு செலவானது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எந்தப் பக்கம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வின்சர் மெக்கே நியூயார்க் ஹெரால்டு பத்திரிகையில் 1905 அக்டோபர் 15 முதல் ஞாயிறுதோறும் வரைந்த 'லிட்டில் நேமோ இன் ஸ்லம்பர்லேண்ட்' சித்திரக்கதைத் தொடரில், 1908 ஜூலை 26 அன்று வந்த பக்கம். நேமோ என்ற பையன் தூங்குகிறான், அவனுடைய கட்டிலுக்குக் கால் முளைத்து நீண்டு, தெருவில் இறங்கி, ஊருக்கு மேலே நடக்கிறது. கடைசிச் சின்னக் கட்டத்தில், எல்லா வாரமும் போல, கனவு கலைந்து விழிக்கிறான். கட்டிலின் கால் நீள நீளப் படம் இருக்கிற கட்டமும் நீளும். இதை முதலில் கைபேசியில்தான் பார்த்தேன், ஒவ்வொரு கட்டமாக விரலால் பெரிதாக்கி. அப்படிப் பார்த்தால் அந்த நீளம் எங்கே தெரியப் போகிறது? கட்டம் நீண்டதா, நான் பெரிதாக்கியதா என்பதே புரியவில்லை. ஹெரால்டில் இது முழுப் பக்கம், ஏறத்தாழ 16க்கு 21 அங்குலம். தரையில் விரித்துப் போட்டு முட்டிபோட்டுப் படிக்கிற அளவு. அந்த அளவில் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். மெக்கே 1934இல் இறந்துவிட்டார், அதுவும் அதே ஜூலை 26ஆம் தேதி. அதனால் காப்புரிமைப் பிரச்சினை எதுவும் இல்லை.

முதல் முயற்சி சுலபமானது. நல்ல ஸ்கேன் ஒன்றை இறக்கி, பென் டிரைவில் போட்டு, டிஜிட்டல் பிரிண்ட் கடையில் ஆர்ட் பேப்பரில் எடுத்தேன். 180 ரூபாய். அளவு சரியாக வந்தது, மற்றதெல்லாம் தப்பு. நூறு வருஷப் பழுப்பும் பளபளக்கிற தாளில் அச்சாகி, பழைய செய்தித்தாளைப் பிடித்த போட்டோ மாதிரி இருந்தது. எனக்கு வேண்டியது 1908இல் அந்த ஞாயிறு காலையில் வீட்டு வாசலில் விழுந்த புதுத் தாள். வெள்ளை நியூஸ்பிரின்ட், அதன் மேல் ஊறிய மை. சரி, சட்டத்தில் கட்டிய துணி வழியாக மையைத் தாளில் இழுக்கிற ஸ்கிரீன் பிரிண்டிங்தான் வழி என்று முடிவு செய்தேன். என் சித்தப்பா இருபது வருஷம் கல்யாணப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும் ஸ்கிரீனில் அடித்தவர். அந்தத் தைரியம்.

அடுத்த தப்பு பெரியது. ஸ்கேனைக் கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் திறந்து, நாலு நிறமாகத் தானே பிரிக்கச் சொல்லி, ஸ்கிரீனில் படத்தை ஏற்றுகிற பாசிட்டிவ் ஃபிலிமை அப்படியே நிறத்துக்கு ஒன்றாக எடுத்துவிட்டேன். ஃபிலிம் ஒன்று 320 வீதம் நாலுக்கு 1280 ரூபாய். வீட்டுக்கு வந்து லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், மெக்கேயின் கறுப்புக் கோடு நாலு ஃபிலிமிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அது கோடு என்று தெரியாது, இருட்டான நிறம் என்று நினைத்து நாலிலும் பங்கு போட்டுவிட்டது. தாளின் பழுப்பையும் மஞ்சள் ஃபிலிமில் பொடிப் புள்ளிகளாக நிரப்பியிருந்தது. அந்த 4 ஃபிலிமும் வீண். அவற்றை எறியாமல் ஜன்னலில் ஒட்டி வைத்திருக்கிறேன், வேலையின் போது அடிக்கடி பார்த்துக்கொள்ள உதவியது.

அதற்கப்புறம்தான் ஸ்கேனையே லூப் வைத்துப் பார்ப்பது போல ஒவ்வொரு அங்குலமாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு வாரம் அதிலேயே போனது, அந்த இரண்டு வாரம்தான் இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்த பகுதி. கறுப்பு ஒரே கோட்டு அச்சு, அதில் புள்ளியே கிடையாது. நிறங்களில் மட்டும் புள்ளி. அதுவும் இப்போதைய பத்திரிகைப் படம் மாதிரி பெரிதும் சிறிதுமாகக் கரைந்து போகிற புள்ளி இல்லை. ஒரு சுவர் என்றால் சுவர் முழுக்க ஒரே அளவு, ஒரே இடைவெளி. பென் டே முறை என்று இதற்குப் பெயர். பெஞ்சமின் டே என்பவர் 1879இல் கொண்டு வந்தது. மேடாகப் புள்ளிகள் இருக்கிற ஒரு மெல்லிய படலத்தில் மை தடவி, துத்தநாகத் தகட்டின் மேல் கவிழ்த்துத் தேய்ப்பார்கள். புள்ளி வேண்டாத இடத்தையெல்லாம் அதற்கு முன்பே பிசினால் கையாலேயே பூசி மறைத்திருப்பார்கள். ஒரு நிறத்துக்கு இரண்டு மூன்று அழுத்தம் வேண்டுமென்றால் பூசுவதும் தேய்ப்பதும் திரும்பத் திரும்ப. வாரத்துக்கு ஒரு முழுப் பக்கம், இப்படி. ஓவியர் என்ன நிறம் என்று குறித்துக் கொடுத்துவிடுவார், அதைப் புள்ளியாக மாற்றுவது தகடு செய்கிறவர்கள் கை. ஹெரால்டின் வண்ண அச்சுக்கு அந்தக் காலத்திலேயே நல்ல பெயர். அந்தக் கைகளின் பெயர் எதுவும் பக்கத்தில் இல்லை, மெக்கேயின் கையெழுத்து மட்டும் இருக்கிறது. படத்தில் பாதி அவர்களுடையது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஆகவே தானியங்கிப் பிரிப்பை விட்டுவிட்டுக் கையாலேயே செய்தேன். கறுப்புக்கு ஸ்கேனை 600 டிபிஐக்கு ஏற்றி, கறுப்பு வெள்ளையாக வெட்டினேன். கோடு நன்றாக வந்தது, எழுத்துதான் சிரமம். மெக்கேயின் பேச்சுக் குமிழிகளில் எழுத்து நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும், கோட்டில் காட்டிய அக்கறையில் பாதியைக்கூட எழுத்தில் அவர் காட்டவில்லை. மை கசிந்து மூடிப்போன எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட 9 இரவு ஆனது. திருத்தி அழகாக்கவில்லை, அவர் எழுதியபடியே விட்டேன். நிறங்களுக்கு இங்க்ஸ்கேப் என்ற வரைமென்பொருளில் ஒவ்வொரு பரப்பையும் கோட்டோடு கோடாக வரைந்து, ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்றே அழுத்தம் வைத்தேன்: முழு நிறம், பாதி, லேசு. புள்ளி அங்குலத்துக்கு 45 வரி. புள்ளி வரிகளின் சாய்வு நீலத்துக்கு 45 டிகிரி, சிவப்புக்கு 75, மஞ்சளுக்கு 90. நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே 30 டிகிரி இல்லையென்றால் இரண்டும் சேருகிற இடத்தில் பட்டுப்புடவை நெளிகிற மாதிரி ஒரு அலை விழும். மஞ்சள் கண்ணுக்கு அவ்வளவு தெரியாது, எப்படி வைத்தாலும் பரவாயில்லை. மறுபடியும் ஃபிலிம் 1280.

ஸ்கிரீன் நாலு, மரச்சட்டத்தோடு துணி இழுத்துக் கட்டி ஒன்று 650, ஆக 2600. துணி 120 மெஷ், அதாவது சென்டிமீட்டருக்கு 120 இழை, கேட்டு வாங்குங்கள். பனியனுக்கு அடிக்கிற பெரிய கண் துணியில் 45 வரிப் புள்ளி நிற்காது. வெளிச்சம் பட்டால் கெட்டியாகிற எமல்ஷன் பூச்சு 380. இரண்டு பூச்சு பூசி, இருட்டறையில் ஃபேன் போட்டு 3 மணி நேரம் காயவிட்டேன். ஃபிலிம் வழியாக வெளிச்சம் காட்டி எக்ஸ்போஸ் செய்ய மேசை இல்லாததால் மொட்டை மாடி வெயில்தான். கீழே ஸ்பாஞ்சு, அதன் மேல் கறுப்புத் துணி, ஸ்கிரீன், ஃபிலிம், எல்லாவற்றுக்கும் மேல் 5 மில்லிமீட்டர் கண்ணாடி. முதல் தடவை இரண்டரை நிமிஷம் காட்டினேன், லேசான புள்ளிகள் எல்லாம் அடைத்துப்போய்க் கழுவினாலும் திறக்கவில்லை. மருந்து வைத்து எமல்ஷனைக் கரைத்து மறுபடி பூசினேன். மதியம் 12 மணி வெயிலில் 50 விநாடிதான் சரியாக வந்தது. மேகம் ஒன்று குறுக்கே வந்தால் கணக்கெல்லாம் போய்விடும், அதனால் மேகமில்லாத நாளாகப் பார்த்து மூன்று மட்டும் செய்தேன், நாலாவதற்கு இன்னொரு சனிக்கிழமை காத்திருந்தேன்.

தாள் நியூஸ்பிரின்ட், டபுள் டெமி, 23க்கு 36 அங்குலம். குறுக்கே பாதியாக வெட்டினால் 18க்கு 23, சுற்றிலும் ஒரு அங்குலம் விட்டு நம் பக்கம் அப்படியே உட்காரும். 5 கிலோவாகத்தான் தந்தார்கள், 300 ரூபாய். தேவைக்கு மேல் நிறைய மிஞ்சியிருக்கிறது.

மை வாங்கியதில் மூன்றாவது தப்பு. வீட்டில் நாற்றம் வேண்டாம் என்று தண்ணீர் மை 400 ரூபாய்க்கு வாங்கினேன். மஞ்சளை இழுத்தேன், அழகாக விழுந்தது. காய்ந்ததும் சிவப்பை இழுத்தால் ஒரு ஓரத்தில் பொருந்துகிறது, மறு ஓரத்தில் விலகுகிறது. அடையாளக் குறிக்கும் குறிக்கும் நடுவே அளந்து பார்த்தேன். 20 அங்குலத்தில் இரண்டரை மில்லிமீட்டர் தாள் வளர்ந்திருந்தது. நியூஸ்பிரின்ட் தண்ணீரைக் குடித்தால் நார் ஓடுகிற திசைக்குக் குறுக்கே நீளும், காய்ந்தாலும் பழைய அளவுக்கு முழுதாகத் திரும்பாது. சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏம்ப்பா, நியூஸ்பிரின்ட்ல போய் யாராவது தண்ணி மை அடிப்பாங்களா? எண்ணெய் மை வாங்கு. வாங்கிட்டு, தாளை முந்தின நாள் ராத்திரியே இந்த ரூம்ல பிரிச்சு வை. எந்த ரூம்ல அடிக்கிறியோ அந்த ரூம்ல."

அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னைக் காப்பாற்றியது. தாள் அறையின் ஈரத்தை ஒரு இரவில் வாங்கிக்கொண்டு நின்றுவிடுகிறது, அப்புறம் அதிகம் அசைவதில்லை. மழை பெய்த நாளில் அடிக்கவே இல்லை.

எண்ணெய் மை நாலு டின், 240 வீதம் 960. அதிலும் ஒரு பாடம் இருந்தது. மஞ்சளின் மேல் நீலத்தை இழுத்தால் பச்சை வரும் என்று பார்த்தால், நீலம் நீலமாகவே மூடிக்கொண்டு உட்கார்ந்தது. ஸ்கிரீன் மை அடர்த்தியானது, கீழே இருப்பதை மறைக்கத்தான் செய்திருக்கிறார்கள். பழைய செய்தித்தாள் மையோ மெல்லியது, ஒன்றின் மேல் ஒன்று தெரியும், மூன்று மையில் அத்தனை நிறம் கிடைத்தது அதனால்தான். மையை ஒளிபுகச் செய்கிற டிரான்ஸ்பரன்ட் பேஸ் ஒரு கிலோ 350க்கு வாங்கி, மையும் பேஸும் எடைக்கு எடை சரிபாதி கலந்தேன். சமையலறைத் தராசில் நிறுத்தேன், கண்ணளவு வேண்டாம். கறுப்பில் மட்டும் கலக்கவில்லை. கலந்த பிறகு பச்சை பச்சையாக வந்தது, ஊதாவும் வந்தது.

வரிசை மஞ்சள், சிவப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. மஞ்சள் மட்டும் விழுந்த 60 தாளைக் கொடியில் காயப்போட்ட அன்று அறை முழுக்க மஞ்சள். நாம் இன்றைக்கும் 'மஞ்சள் பத்திரிகை' என்று சொல்கிறோமே, அந்த வார்த்தையே இந்தச் சித்திரத் தொடர்களில் இருந்து வந்ததுதான். அவுட்கால்ட் வரைந்த மஞ்சள் சட்டைப் பையனுக்காக நியூயார்க்கில் புலிட்சரின் வேர்ல்டும் ஹர்ஸ்ட்டின் ஜர்னலும் அடித்துக்கொண்டன, 1896இல் ஹர்ஸ்ட் அவுட்கால்ட்டை இழுத்துக்கொண்டார், வேர்ல்டு வேறொருவரை வைத்து அதே பையனை வரைய வைத்தது. பரபரப்புச் செய்திக்கு அந்த இரண்டு தாள்களும் பேர் போனவை, பையனின் சட்டை நிறம் அந்தப் பாணிக்கே பெயராக ஒட்டிக்கொண்டது. நமக்கு ஆங்கிலம் வழியாக வந்து சேர்ந்தது. கொடியில் தொங்கிய அந்தத் தாள்களைப் பார்க்கும் வரை, ஒரு மையின் நிறம் மொழிக்குள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

ஒவ்வொரு நிறமும் அதனதன் இடத்தில் விழும்படி ரிஜிஸ்டர் பொருத்த பலகையில் கீல் கிளாம்ப் இரண்டு, 500 ரூபாய். தாள் வந்து முட்ட மூன்று அட்டைத் துண்டு ஒட்டினேன், நீளப் பக்கம் இரண்டு, குறுகிய பக்கம் ஒன்று. ஸ்கிரீனுக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளிக்கு இரண்டு ஐந்து ரூபாய் நாணயத்தை ஒன்றின் மேல் ஒன்றாகச் சட்டத்தின் நான்கு மூலையிலும் வைத்தேன். மை இழுக்கிற ரப்பர் பட்டை, ஸ்குவீஜி, 18 அங்குலம், 270 ரூபாய். இவ்வளவு செய்தும் ஒவ்வொரு நிறமும் அரை மில்லிமீட்டர் வரை விலகத்தான் செய்தது. மூன்று நிறம் முடிந்த தாளைப் பார்த்தால் கலங்கலாக, ஓரங்கள் வழிந்து, வேலை கெட்டுவிட்டது என்றே தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டு நாள் தொடாமல் வைத்திருந்தேன்.

பிறகு கறுப்பை இழுத்தேன். மெக்கேயின் வரைகோட்டை நான் அதுவரை அழகு என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். உருவத்தின் உள்ளே கோடு மயிர் மாதிரி மெலிந்திருக்கும், வெளிவரம்பு மட்டும் தடித்து உருவத்தைப் பின்னாலிருந்து பிரித்துக் காட்டும். என் பாசிட்டிவில் அளந்தால் வெளிக்கோடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், உள்கோடு அதில் மூன்றில் ஒரு பங்கு. நிறம் மாறுகிற இடம் எல்லாம் அந்தத் தடித்த கோட்டுக்கு அடியில் வருகிறது. என் அரை மில்லிமீட்டர் விலகல் பெரும்பாலும் அதற்குள் போய் ஒளிந்துகொண்டது. உள்ளே மெல்லிய கோடு இருக்கிற இடத்திலோ இருபக்கமும் ஒரே நிறம், விலகினாலும் தெரியாது. வேகமாக ஓடுகிற அச்சு இயந்திரத்தில், விலைமலிந்த தாளில், நிறம் கொஞ்சம் நகரும் என்று தெரிந்த ஒருவர் போட்ட கோடு என்றுதான் எனக்குப் படுகிறது. அவர் அதற்காகத்தான் அப்படி வரைந்தார் என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. சின்சினாட்டியில் விளம்பரப் போஸ்டர் வரைந்து வளர்ந்த கை, அச்சு எதைத் தாங்கும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கும். கறுப்பு விழுந்த நொடியில் கலங்கல் எல்லாம் தெளிந்து ஊர் எழுந்து நின்றதைப் பார்த்தவனாக இதைச் சொல்கிறேன்.

கறுப்பில்தான் நிறையத் தாள் கெட்டது. பேஸ் கலக்காத மை கெட்டி, பொடி எழுத்துகளில் துணி அடைத்தது. நாலு தாளுக்கு ஒரு முறை மையை இளக்குகிற ரிடியூசர் தொட்ட துணியால் அடிப்பக்கம் துடைக்க வேண்டியிருந்தது, துடைத்த அடுத்த தாள் எப்போதும் கசியும். அதை வீண் தாளில் இழுத்துவிட்டு நல்ல தாளை வையுங்கள்.

தேறிய 11இல் நன்றாக வந்த ஒன்றைத் தரையில் விரித்தோம். என் அக்கா மகள், 8 வயது, முட்டிபோட்டு உட்கார்ந்து, விரலை முதல் கட்டத்தில் வைத்துக் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டே போனாள். மேல் வரிசையில் குட்டைக் கட்டம், கீழே போகப் போக நீளம். நீளமான கட்டத்துக்கு வந்தபோது விரலைக் காலின் அடியில் இருந்து மேலே கட்டில் வரை இழுத்தாள், "மாமா, எவ்ளோ உசரம்!" என்றாள். கைபேசியில் எனக்குக் கிடைக்காதது இதுதான். உயரம் அங்கே கதையில் சொல்லப்படவில்லை, தாளிலேயே அத்தனை அங்குலம் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கட்டிலின் நிலையைத் தொடர்ந்து பார்த்தால் அது அசைகிறது. இதே மெக்கேதான் மூன்று வருஷம் கழித்து, 1911இல், சுமார் 4000 படங்களைக் கையால் வரைந்து நேமோவைத் திரையில் நடமாட விட்டார், 1914இல் ஜெர்ட்டி என்ற டைனோசரையும். அசையும் படம் அவருக்குள் இந்தப் பக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது.

இந்த நிறங்கள் நமக்குக் கிடைத்ததே பெரிய விஷயம். அமெரிக்க நூலகங்கள் பழைய செய்தித்தாள்களைக் கறுப்பு வெள்ளை மைக்ரோஃபிலிமில் எடுத்துவிட்டு அசலைக் கழித்துக்கட்டின. பில் பிளாக்பியர்ட் என்ற தனி மனிதர் சான் பிரான்சிஸ்கோவில் தன் வீட்டை நிரப்பி அவற்றைச் சேர்த்து வைத்தார். 1990களின் பின்பாதியில் அந்தச் சேகரிப்பு ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது ஏறத்தாழ 75 டன், ஆறு பெரிய லாரி.

மொத்தச் செலவு, லூப் 150 சேர்த்து, 8650 ரூபாய். அதில் டிஜிட்டல் பிரிண்ட், முதல் ஃபிலிம், தண்ணீர் மை மூன்றும் சேர்ந்து 1860 வீண். இதைப் படித்துவிட்டுத் தொடங்குகிறவருக்கு நான் கொடுத்த விலையில் 6790இல் முடியும். ஸ்கிரீனைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாம் என்பதால் அடுத்த பக்கத்துக்கு எனக்கு ஃபிலிமும் கொஞ்சம் மையும் எழுத்துக்கு ஒரு புது ஸ்கிரீனும்தான் பெரிய செலவு.

அடுத்த முறை மாற்றப்போவது: நிறப் பரப்புகளை வரையும்போதே கறுப்புக் கோட்டின் பாதி அகலம் வரை உள்ளே நீட்டி வைப்பேன், இந்த முறை சில ஜன்னல்களில் கோட்டின் ஓரத்தோடு நிறுத்தியதால்தான் அங்கே வெள்ளைக் கீற்று தெரிகிறது. எழுத்துக்குத் தனி ஸ்கிரீன், இன்னும் நெருக்கமான துணியில். கறுப்பில் நூற்றுக்குப் பத்து பேஸ். தாளை ஓரிரவுக்குப் பதில் இரண்டு இரவு விரித்து வைப்பேன். பக்கமும் தேர்ந்துவிட்டேன், அதே 1908இல் வந்தது, கோணல் கண்ணாடியில் தெரிவது போல நேமோவும் கூட்டாளிகளும் நீண்டும் உப்பியும் போகிற பக்கம். கறுப்புக் கோட்டைச் சுத்தம் செய்ய நேற்று இரவு உட்கார்ந்தேன், முதல் கட்டம் முடிந்தது.